சரஸ்வதியம்மாவுக்கு ஒரு நாள் துட்டி

— சாவா? எந்த லயத்துல? காலைலருந்து மேல் லயம், கீழ் லயம் ரெண்டு வரிசை வீட்டையும் சுத்திட்டு வர்றேன். ஒரு கோழிக்குஞ்சுகூடச் சாகல, ராமுத்தாயி.

— லயத்துல இல்ல, கங்காணியாரே. தஞ்சாவூருப் பக்கம். நேத்து சாயங்காலம், நீங்க வேலை முடியிற சங்கு ஊதுறதுக்குச் செத்த முன்னாடி போயிட்டா. அதான் இன்னைக்குப் பொம்பளைக யாரும் ஏலக்காயில கை வைக்கல. துட்டி.

— தஞ்சாவூர்ல உங்களுக்கு யாரு இருக்கா?

— சரஸ்வதியம்மா.

— எந்தச் சரஸ்வதியம்மா?

— நல்லமுத்து வாசிக்கிறானே, பச்சை அட்டை நாவல், அதுல வர்றவ. போஸ்ட்மாஸ்டர் சம்சாரம்.

— ஏ நல்லமுத்து, எந்திரிச்சு இங்க வா. இவ சொல்றது என் காதுலதான் தப்பா விழுகுதா?

— சரியாத்தான் விழுகுது, கங்காணியாரே. பாதிப் புஸ்தகத்துல மரணம் சம்பவிச்சிருச்சு. காய்ச்சல். அச்சுல இருக்கு, நான் என்ன செய்ய?

— உன்னைய எதுக்குடா ஸ்டோருக்குள்ள முக்காலி போட்டு உக்கார வச்சிருக்கேன்? நிழல்மரத்துல கெளை கழிக்கையில விழுந்து கால் போனவன், உக்காந்த வேலையா இருக்கட்டும்னு. நீ வாசி, அவளுக ஊர்வம்பு பேசாமக் காய் பொறுக்கட்டும்னு. கை நின்னு போற மாதிரியா வாசிப்ப?

— நான் ஏத்த இறக்கத்தோட வாசிச்சேன். அது ஒரு குத்தமா?

— அவனை வையாதீக, கங்காணியாரே. செத்தவளை அவன் என்ன செய்வான்?

— தாயி, நான் பொறுமையாச் சொல்றேன். சாயங்காலம் லாரி போடிக்கு எறங்கணும். நாளைக்கு அங்க ஏலம். பச்சைக்காய் தனியா, வெடிச்ச காய் தனியாப் பிரிச்சு மூட்டை கட்டலைன்னா, தொரை என்னைய இந்த மலையை விட்டே எறக்கிருவாரு. கதைல ஒருத்தி செத்துட்டான்னு அவர் முன்னாடி போயி நிக்கச் சொல்றியா?

— நில்லுங்க. நல்ல மனுசி, யாருக்கும் ஒரு கெடுதல் நினைக்காதவ போயிட்டான்னு சொல்லுங்க. ஞாயமா இல்லையா?

— இது சமரமா? ஸ்ட்ரைக்குப் பண்ணுங்கன்னு யூனியன்காரன் யாராச்சும் சொல்லிக் குடுத்தானா?

— சமரம்னா கொடி கட்டியிருப்போம். இது துட்டி. லயத்துல காலைலருந்து அடுப்புப் பத்த வைக்கல. மேல் லயத்துக்காரவுக கருப்பட்டிக் காப்பி கொண்டாந்து குடுத்து, துட்டி கேட்டுட்டுப் போனாக. நம்ம லயத்துப் பெரியமுத்து பொறந்த வீட்டுக்குச் சேதி சொல்லப் பொறப்பட்டுப் போயிட்டான்.

— யாரு பொறந்த வீட்டுக்கு?

— சரஸ்வதி பொறந்த வீட்டுக்கு. கோடித்துணி அவுகதான போடணும்?

— அது கதை எழுதினவன் நினைச்சுக்கிட்ட ஊரு தாயி. அப்படி ஒரு ஊரே கெடையாது.

— ஊருன்னு ஒண்ணு இருந்தா பஸ்ஸு போகும். போடியில எறங்கி விசாரிச்சுக்கிறேன்னு சொல்லிட்டுத்தான் போயிருக்கான்.

— நல்லமுத்து.

— சொல்லுங்க, கங்காணியாரே.

— அவளை எழுப்பு.

— எழுப்பவா?

— டாக்டரு தப்பாப் பாத்துட்டான், மூச்சு இருக்கு, கண்ணு முழிச்சுட்டான்னு வாசி. உனக்கு நாக்குதான வேணும்? எழுதினவன் என்ன உடும்பஞ்சோலைக்கு வந்தா கேக்கப்போறான்?

— அது வந்து... அச்சுல...

— தலைமாட்டுல வெளக்கு ஏத்தியாச்சு, கங்காணியாரே. அதுக்கப்புறம் எந்திரிச்சு வந்தா அது சரஸ்வதி இல்ல, பேய். பேய்க்கதை வாசிச்சா பொம்பளைகளுக்குக் கை நடுங்கும். வெடிச்ச காயும் பச்சைக்காயும் ஒண்ணாப் போயிரும். பரவாயில்லையா?

— அந்தப் புஸ்தகத்தை எடு. நானே பாக்குறேன், எந்த எடத்துல செத்தான்னு.

— தொடாதீக. தீட்டு. வெளக்கடியில வச்சிருக்கோம், துட்டி கழியிற வரைக்கும் யாரும் தொடக்கூடாது.

— புஸ்தகத்துக்குத் தீட்டா?

— சாவு நடந்த எடம் அதான?

— சரி, நான் ஒண்ணும் சொல்லல. வாயனசாலையிலருந்து கொண்டாந்த புஸ்தகம் வேற எதுவும் இல்லையா நல்லமுத்து? போன மாசம் வாசிச்சியே, ரயில்வே ஆபீசர் எழுதின சொந்தச் சரித்திரம். அதைத் திரும்ப வாசி. எனக்குப் பிடிச்சிருந்துச்சு. அதுல யாரும் சாகல.

— சாகலையா? நீங்க செவுத்துக்கு அந்தப் பக்கம் நின்னு கேட்ட லட்சணம் இதானா, கங்காணியாரே? அவரு பொண்டாட்டி செத்தாளே.

— எப்போ?

— கேளுங்க. ஆத்துல பாலம் கட்டினதை ஒரு வாரமா வாசிச்சான். எந்த மலைல கல்லு ஒடைச்சாரு, சுண்ணாம்பு எங்கருந்து வந்துச்சு, பெரிய தொரை எப்பிடிக் கை குலுக்கினாரு, அம்புட்டும் வந்துச்சு. நடுவுல ஒரே ஒரு வரி. நல்லமுத்து, அதைச் சொல்லு.

— ‘அவ்வருஷம் என் மனைவி காலமானாள்.’

— அடுத்த வரி?

— ‘மழைக்கு முன்பே மூன்றாவது தூணும் எழும்பிவிட்டது.’ அச்சுல இருக்கு.

— கேட்டீகளா?

— கேட்டேன். அதுல என்ன குத்தம்? பாலத்தைப் பாதியில விட்டுட்டு மூலைல உக்காந்து அழச் சொல்றியா? மழை வந்தா தூணு போயிரும்ல.

— அவ பேரைக்கூட எழுதல, கங்காணியாரே. நாய்க்குப் பேரு எழுதியிருக்காரு.

— டைகர்.

— நீ சும்மா இருடா நல்லமுத்து. ஆம்பளைக எல்லாத்தையும் வெளிய எழுதிக்கிட்டிருக்க மாட்டாக, ராமுத்தாயி. உள்ள இருக்கும்.

— உள்ள இருந்தா எங்களுக்கு எப்பிடித் தெரியும்? சரஸ்வதி நாவலும் சுத்தம்னு சொல்ல மாட்டேன். காயப்போட்ட நெல்லு முத்தத்துல கெடக்கு, மழை ஊத்துது, இவ தூணைப் பிடிச்சுக்கிட்டு அழுதுக்கிட்டு நிக்கா. நெல்லை யாரு அள்ளுவான்னு எழுதினவருக்கு ரோசனை இல்ல. ஆனா அவளுக்குக் காய்ச்சல்னு தெரிஞ்ச உடனே புருசன் தபாலாபீசைப் பூட்டிட்டு வந்து கஞ்சி காய்ச்சினான் பாருங்க. உப்பு கூடிப்போச்சு. அவ சொல்லல, குடிச்சுட்டா. அந்த எடத்துல நாங்க அம்புட்டுப் பேரும் கையை நிறுத்திட்டோம்.

— கவருமெண்டு ஆபீசைப் பூட்டிட்டு வந்தானா? வேலை போயிருக்கும்.

— போச்சு. அச்சுல இருக்கு.

— அதாண்டா சொல்றேன். இந்த மாதிரிக் கதையெல்லாம் வாயனசாலைல வைக்கவே கூடாது.

— அதுக்கு முந்தி வாசிச்ச ஜமீன் கதையை மட்டும் வைக்கலாமாக்கும்? முதப் பக்கத்துலருந்து கடைசிப் பக்கம் வரைக்கும் கல்யாணப் பேச்சு, ஒருத்தராவது ஒரு வாய் சோறு தின்னாகளா? சுருளியம்மா அன்னைக்கே சொன்னா, பட்டினி கெடக்கிற வீட்டுக்குப் பொண்ணு குடுக்கக் கூடாதுன்னு.

— அவ பேச்சு இப்ப எதுக்கு?

— எதுக்கா? இந்த வாசிப்பை ஆரம்பிச்சதே உங்க வீட்டம்மாதான. பொறுக்கையில கை தன்னால ஓடுது, காதுதான் சும்மா கெடக்குதுன்னு உங்ககிட்டச் சண்டை போட்டு, இவனுக்கு முக்காலி வாங்கிக் குடுத்தவ.

— சுருளி பேச்சு வேணாம். லாரி நிக்குது. ஆமா, அந்த வெளக்கை ஏன் ஜன்னலோரம் வச்சிருக்கீக?

— அங்கதான் எடம் காலியா இருக்கு.

— அது சுருளி உக்காந்து பொறுக்கின எடம்.

— ஆமா.

— சரஸ்வதிக்கும் அவளுக்கும் என்ன தாயி சம்பந்தம்?

— லாரி நிக்குதுன்னு இப்பச் சொன்னீகள்ல, ஆடி மாசம் சுருளியம்மா போன அன்னைக்கும் இதே வார்த்தையைத்தான் சொன்னீக. காலைல உசுரு போச்சு. மத்தியானம் சுடுகாட்டுல வச்சுட்டு, சாம்பல் ஆறுறதுக்குள்ள வந்து சங்கை ஊதிட்டீக. பத்து வருசம் கூட உக்காந்து பொறுக்கினவ. அவ வாசல்ல வந்து கட்டிப்பிடிச்சு ஒரு குரல் அழ எங்களை விடல. நீங்களும் அழல.

— என் பொண்டாட்டிக்கு நானே லீவு விட்டா, தன் வீடுன்னா கங்காணிக்கு ஒரு சட்டம்னு தொரை சொல்லுவாரு. நாளைக்கு நீங்களே சொல்லுவீக.

— சொல்லியிருப்போம். சொன்னா என்ன? அழுதுட்டுச் சொல்லியிருப்போம்.

— வேலை நடந்துச்சுல்ல அன்னைக்கு?

— நல்லா நடந்துச்சு. ஒருத்தியும் வாயைத் தெறக்கல. அன்னைக்கு மாதிரிச் சுத்தமா என்னைக்கும் பொறுக்கினதில்ல. போடியில அந்தக் காய்க்கு நல்ல பேருன்னு நீங்களே வந்து சொன்னீக. மூணாவது தூணு எழும்பிருச்சு, கங்காணியாரே.

— ராமுத்தாயி.

— சொல்லுங்க.

— வெளக்குல எண்ணெய் கொறையுது பாரு. ஊத்து.

— ஊத்துறேன். லாரி?

— வெறும் வண்டியா எறங்கட்டும். தொரைகிட்ட நான் பேசிக்கிறேன்.

— என்னான்னு பேசுவீக?

— என் வீட்டுல துட்டின்னு சொல்லுவேன். ஆடியில சொல்ல வேண்டியது. நீ போயி பொம்பளைகளை இங்க வந்து உக்காரச் சொல்லு. அழணும்னா அழட்டும். இன்னைக்குச் சங்கு ஊத மாட்டேன்.

— நீங்களும் உக்காருங்க, கங்காணியாரே. தரைலயே உக்காருங்க, கூட்டித்தான் கெடக்கு.

— நல்லமுத்து, நீயும் வா. அந்தப் புஸ்தகத்தை எடு. தீட்டுப் பட்டா பட்டுட்டுப் போகுது, எனக்கும் தீட்டுதான்.

— எடுத்துட்டேன். எதுக்குக் கேக்குறீக?

— சுருளி போறப்ப நான் பக்கத்துல இல்லடா. இங்கன நின்னு மூட்டைக்கு எடை போட்டுக்கிட்டிருந்தேன். கடைசியில என்ன கேட்டா, யாரைப் பாத்தா, ஒண்ணும் தெரியாது. சரஸ்வதி செத்த அந்தப் பக்கத்தை வாசி. மெதுவா வாசி. அவ எப்பிடிப் போனான்னாச்சும் கேட்டுக்கிறேன்.

— அப்படி ஒரு பக்கம் இல்ல, கங்காணியாரே. காய்ச்சல் அச்சுல இருக்கு, கஞ்சி அச்சுல இருக்கு, மறுநா காலைல அவ எந்திரிச்சு வாசல் தெளிச்சுட்டா; எங்களுக்கு அழறதுக்கு ஒரு சாவு வேணும்னு, ராமுத்தாயக்காதான் நேத்து அவளைக் கொல்லச் சொன்னாக.