என் இடத்தில் நட்டவர்

விழாவுக்குத் தலைமை ஏற்றிருக்கும் ஊராட்சித் தலைவர் சாரங்கபாணி அவர்களே, பந்தக்கால் நட்ட பெரியவர்களே, நடவு வயலில் நனைந்த கை காயுமுன் வந்து அமர்ந்திருக்கும் தாய்மார்களே, நாளை கல்லூரி வாசலை மிதிக்கப்போகும் தம்பி தங்கைகளே! இந்தப் பள்ளியில் படித்த எழில்மொழியின் வணக்கம்.

நான் பன்னிரண்டாம் வகுப்பு முடித்த ஆண்டு, சனிக்கிழமைதோறும் உயர்கல்வி வழிகாட்டி முகாம் இந்த மாமரத்தடியில்தான் நடக்கும். வடையும் கொடுத்தார்கள், வழியும் காட்டினார்கள். அந்தச் சனிக்கிழமைகளை நினைத்தால் இன்றும் நெஞ்சு நெகிழ்கிறது. விண்ணப்பம் போட்டேன். மதிப்பெண் வந்தது. பிறகு என்ன செய்தேன்? காத்திருந்தேன்!

ஏன் காத்திருந்தேன்? நம் ஊர் கடைமடை. வாய்க்காலின் கடைசியில் இருக்கும் நமக்குத் தண்ணீர் முறை வந்தால் ஆள் வந்து கூப்பிடுவார். அதுவரை மடையில் கை வைக்கக் கூடாது. கல்லூரி இடமும் அப்படித்தான் வரும் என்று இருந்துவிட்டேன். எந்தெந்தக் கல்லூரி வேண்டும் என்ற பட்டியலை நாமேதான் பதிய வேண்டும் என்று முகாமில் சொன்ன அந்த ஒரே சனிக்கிழமை நான் வரவில்லை. அன்று குறுவை நடவு.

பின்வரிசையில் சிரிப்பது கேட்கிறது. சிரியுங்கள். உங்கள் தெருவிலும் ஒருத்தி இப்போது அப்படிக் காத்திருப்பாள்.

இரண்டு நாள் கழித்து, முகாமுக்கு உதவிக்கு வந்த கல்லூரி மாணவி வானதி, வயலுக்கே சைக்கிளில் வந்துவிட்டார்.

"பட்டியல் போட்டியா எழில்?"

"கூப்பிடுவாங்கன்னு இருக்கேன்க்கா."

"யாரும் கூப்பிட மாட்டாங்க. இன்னைக்கு அஞ்சு மணியோட முடியுது."

வரப்பு எட்டும்வரை நடவு வரிசையை விட்டு யாரும் விலகக் கூடாது. விலகினால் அந்த வேலை பக்கத்தில் நிற்பவர் தலையில் விழும். பக்கத்தில் நின்றவர் என் அம்மா கண்ணாத்தாள்.

"நீ கெளம்பு. உன் எடத்தயும் சேத்து நான் நட்டுக்கறேன்" என்றார், நிமிராமலே.

சேற்றுக் காலோடு இந்தப் பள்ளியின் கணினி அறைக்கு ஓடினேன். ஐந்து மணிக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது பட்டியல் பதிவானது. இன்று வேளாண் கல்லூரியில் பாடம் நடத்துகிறேன். முகாம் வழி காட்டியது, வானதி அக்கா தேடி வந்தார், அம்மா இரண்டு ஆள் நடவை ஒற்றை ஆளாக நட்டார். அந்த அம்மா இப்போது குனிய முடியாமல் முதல் வரிசையில் அமர்ந்திருக்கிறார். எனக்குக் கண் கலங்குகிறது, கலங்கட்டும்.

தம்பி தங்கைகளே, வரும் சனிக்கிழமை பட்டியல் பதியும் முகாம். கூப்பிட ஆள் வராது, நீங்களே வாருங்கள். தாய்மார்களே, அன்றும் நடவு உண்டு என்பது எனக்குத் தெரியும். மகளை அனுப்பிவையுங்கள். அவள் இடத்தில் நான் நடுகிறேன்.

பொறுமையாகக் கேட்ட அனைவருக்கும் நன்றி. வணக்கம். சனிக்கிழமை விடிந்ததும் வயலில் இருப்பேன்.