தோட்டத்தில் வந்து நின்ற பொம்மை

என் பெயரும் கதவு எண்ணும் நான் முன்பு கொடுத்த புகார் மனுவில் உள்ளபடியே. வயது எழுபத்தொன்று. கணவர் காலமாகிவிட்டார். பேருந்து நிலையத்துக்குப் பின்தெருவில் மாடி வீட்டில் தனியாகக் குடியிருந்து தையல் வேலை செய்து வருகிறேன். ஐந்தாம் வகுப்பு வரை படித்திருக்கிறேன். காணாமல் போனவள் என் மகள் வயிற்றுப் பேத்தி. தாயில்லாத அவளை நானே வளர்த்தேன்.

மேற்படி பேத்தி வீடியோ கேம் கம்பெனியில், விளையாட்டு விற்பனைக்கு வருமுன் அதை விளையாடிப் பார்த்துக் குறை கண்டுபிடிக்கும் வேலையில் இருந்தாள். "விளையாட்டுப் புள்ளன்னு திட்டுவீங்களே, இப்ப அதுக்கே சம்பளம் தர்றாங்களாம்மா?" என்று கீழ் வீட்டு நர்ஸ் கேட்டதற்கு, "திட்டுனதும் நான்தான், அந்தச் சம்பளத்துல பொடவை கட்டுறதும் நான்தான்" என்று சொன்னேன்.

அவள் கல்யாணமாகிப் போகும்போது என் டிவியில் புது கேம் கன்சோல் ஒன்றைப் பொருத்திவிட்டுப் போனாள். அவளிடம் கையில் வைத்து விளையாடும் சின்ன கன்சோல் இருந்தது. இரண்டிலும் ஒரே தோட்ட விளையாட்டு. சாயங்காலமானால் அவள் அங்கிருந்து வருவாள், நான் இங்கிருந்து வருவேன். டிவியில் அவளுக்கு ஒரு பொம்மை, எனக்கு ஒரு பொம்மை. தோட்டத்துக்குள் வந்ததும் வேலியோரமாகத் தோளால் இடித்துக்கொண்டே ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுத்தான் அவள் செடிக்கு வருவாள். வேலி இருந்தும் ஆள் ஊடுருவிப் போக வழி இருக்கிறதா என்று பார்ப்பது அவள் தொழில். பொத்தானைத் தேடிப் பிடித்துப் பேச எனக்கு வராது என்பதால், இருவரும் தோட்டத்துக்குள் வந்ததும் இரண்டு பக்கமும் மைக் தானாகத் திறந்துகொள்ளும்படி செய்து வைத்திருந்தாள். அவள் பேசுவது டிவியில் கேட்கும். இதை அவள் புருஷன் வீட்டில் சொன்னதில்லை.

பேத்தியின் புருஷன் கட்டட ஒப்பந்த வேலை செய்பவர். அவரும் அவர் தாயாரும் பேத்தியும் ஒரே வீட்டில் இருந்தார்கள். "பொம்மையோட குடித்தனம் பண்றவளுக்குப் புருஷன் எதுக்கு?" என்று அந்த அம்மா என் முன்னாலேயே கேட்டிருக்கிறார்.

சென்ற மாதக் கடைசியில் ஒரு சாயங்காலம் செடிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தபோது பேத்தி, "பாட்டி, நாளைக்குத் துணிமணியோட அங்க வந்துடறேன். யார்கிட்டயும் மூச்சு விடாத" என்றாள். "அடிச்சானா?" என்று கேட்டேன். அவள் பொம்மையை வேலியில் இடித்துக்கொண்டே நின்றாள்.

அதன் பிறகு மறுநாள் அவள் வரவில்லை. போன் அணைந்திருந்தது. நான் அங்கே போய்க் கேட்டதற்கு, சண்டை போட்டுக்கொண்டு போய்விட்டாள் என்று அவள் புருஷன் வாசலிலேயே சொல்லி அனுப்பிவிட்டார். பின்கட்டுக்குப் போக விடவில்லை.

அதன் பிறகு இந்த ஸ்டேஷனில் புகார் கொடுத்தேன். அவரை வரவழைத்து விசாரித்தபோது, தன் போனில் பேத்தியின் கேம் கணக்கைக் காட்டினார். அவள் படத்தின் பக்கத்தில் பச்சைப் புள்ளி எரிந்தது. அதைப் பார்த்துவிட்டு அதிகாரி, "பாட்டிம்மா, உங்க பேத்தி எங்கயோ உக்காந்து ஜாலியா விளையாடிட்டு இருக்கு. கோவம் தணிஞ்சா தானா வரும்" என்று சொல்லி மனுவை ஓரமாக வைத்தார். அதற்கு நான், "விளையாடுறவ ஏன் எங்க தோட்டத்துக்கு வரல?" என்று கேட்டேன். அவள் புருஷன் என்னை நிமிர்ந்து பார்த்தார்.

அதன் பிறகு இன்று சாயங்காலம் நான் டிவியைப் போட்டபோது பேத்தியின் பொம்மை தோட்டத்துக்குள் நின்றது. "வாடி என் தங்கம்" என்று கூப்பிட வாயெடுத்தேன். பொம்மை வேலிப்பக்கம் போகவில்லை. நாற்றை மிதித்துக்கொண்டு நேரே நடுத்தோட்டத்துக்கு வந்து கம்பம்போல் நின்றது. நான் கூப்பிடவில்லை. நான் கையில் வைத்து அழுத்தும் கன்ட்ரோலரில் உள்ள மைக்கை முந்தானையால் சுற்றி இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். தைத்த ஜாக்கெட்டை வாங்க வந்திருந்த நர்ஸிடம் பேசாதே என்று ஜாடை காட்டினேன்.

அதன் பிறகு டிவியில் ஆண் குரலும் பெண் குரலும் கேட்டன. பேத்தியின் புருஷனும் அவர் தாயாரும்தான். எனக்குச் சந்தேகமில்லை. பேத்தியின் சின்ன கன்சோல் அவர்களிடம் இருக்கிறது; அதன் மைக் தானாகத் திறந்துகொள்வது அவர்களுக்குத் தெரியாது.

"என்னடா, பொம்மை சும்மா நிக்குது?"

"நின்னா போதும்மா. கிழவி பாத்துட்டு வாயை மூடிக்கும்."

"கிழவிய விடு. பின்னாடி தொட்டி மேல பூசுனது ஓரமா விரிசல் விட்டிருக்கு. வாடை வருதுடா."

"இருட்டட்டும், இன்னொரு கை பூசிடறேன்."

நர்ஸ் தன் போனில் இதைப் பதிவு செய்துகொண்டிருந்தாள்.

என் பொம்மையும் சும்மா நின்றால் சந்தேகம் வரும் என்று நினைத்து, அதைப் பேத்தியின் பொம்மைக்குப் பக்கத்தில் கொண்டுபோய்க் குதிக்கும் பொத்தானை அழுத்தினேன். திரும்பத் திரும்ப அழுத்தினேன். அந்த அம்மா சிரித்தார். "பாருடா, பேத்தி வந்துட்டான்னு கிழவி குதிக்குறத" என்றார்.

அதன் பிறகு கன்ட்ரோலரைச் சுற்றிய முந்தானையை அவிழ்த்து, துண்டு ஒன்றைச் சுற்றி நர்ஸ் கையில் கொடுத்துவிட்டு, அவள் போனை வாங்கிக்கொண்டு ஆட்டோவில் இங்கே வந்தேன். பதிவைக் கேட்ட அதிகாரி மனுவைத் திரும்ப எடுக்கச் சொன்னார். நான் சொல்லச் சொல்ல ஸ்டேஷன் ரைட்டர் எழுதுகிறார். இந்த நேரத்திலும் என் வீட்டில் நர்ஸ் பொத்தானை அழுத்திக்கொண்டிருக்கிறாள். என் பொம்மை குதிக்கிறவரையில், நான் நம்பிவிட்டேன் என்று அவர்கள் உட்கார்ந்திருப்பார்கள். போன் செய்து வரச்சொல்ல வேண்டாம். கடப்பாரையோடு ஆளைக் கூட்டிக்கொண்டு நேரே பின்கட்டுக்குப் போக வேண்டும். என் பேத்தி தொட்டிக்குள் இருக்கிறாள் என்று நான் எழுதச் சொல்லவில்லை. இன்னொரு கை பூசுமுன் உடைத்துப் பாருங்கள் என்று எழுதச் சொல்கிறேன்.

படித்துக் காட்டத் தேவையில்லை என்று சொல்லி நானே வாங்கிப் படித்தேன். நான் பார்த்ததும் கேட்டதும் தவிர இதில் வேறொன்றும் இல்லை, அத்தனையும் நிஜம். கைநாட்டுக்கு வைத்த மைப்பெட்டியை நகர்த்தி வைத்துவிட்டுக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன்.

(ஒப்பம்)
தையல்காரம்மா, பேத்தியின் பாட்டி