கடைசி மூச்சுக்குச் சாட்சி

கிட்ட வந்து உட்காருங்கள். இது நம் ஜானுவின் பெரியப்பாவுக்கு நடந்தது. நாற்பத்திரண்டாம் வருஷக் கடைசி, இரவு எட்டரை மணி... யுத்தகால இருட்டடிப்பு. அடையாறு பாலத்துக்குப் போகிற சாலையில் ஒரு விளக்கு கிடையாது. கபாலியின் கை ரிக்‌ஷா மட்டும் போகிறது. கிணிங்... கிணிங்...

உள்ளே பெரியப்பா பத்ரிநாராயணன், கழுத்தில் ரோஜா மாலை. மயிலாப்பூரில் தத்துவ மேதை சண்முகவேலின் நினைவுக் கூட்டத்தில் பேசிவிட்டு வருகிறார். உயிரோடு இருந்தவரை அந்த மனுஷனுக்கு ஒரு டம்ளர் காபி கொடுக்காத கும்பல் அது. செத்ததும் ஆளாளுக்குச் சீடன்! கடைசி மூச்சை யார் பக்கத்திலிருந்து பார்த்தாரோ, அவருக்கே சங்கத் தலைவர் நாற்காலி என்பது அவர்கள் வழக்கம். இவர் மேடையேறி, "என் மடியில் தலை வைத்துத்தான் ஐயாவின் உயிர் பிரிந்தது" என்று ஓவென்று அழுதார். நாற்காலி கிடைத்துவிட்டது.

வடிகட்டின பொய். ஜப்பான்காரன் குண்டு போடுவான் என்று கும்பகோணத்து மாமனார் வீட்டுக்கு முதல் ஆளாக ஓடின வீரர் இவர். காய்ச்சலில் கிடந்த கிழவர் காலியான தெருவில் தனியாகச் செத்தார். நாற்றம் வந்து கார்ப்பரேஷன் ஆட்கள்தான் தூக்கிப் போனார்கள்; சீடர்கள் ஒருவரும் அப்போது ஊரில் இல்லாததால் பொய்யைப் பிடிக்க ஆளில்லை.

பாலத்தில் ஏறும்போது கபாலி நின்றான்.

"சாமி... வண்டி கனக்குது. ஆராச்சும் ஏறிக்கினாங்களா?"

"உளறாதேடா. இழு!"

முதலில் கஷாய வாடை வந்தது. பிறகு... மடியில் ஏதோ மெல்ல இறங்கியது. உருண்டையாக. அனலாக. வேட்டி நனைந்தது. ஹ்ஹ்... ஹ்ஹ்... என்று இழுக்கிற மூச்சு. இருட்டில் கையை வைத்துப் பார்த்தார். விரலில் தாடி சிக்கியது.

கத்தவில்லை. கத்தினால் கபாலி ஊரெல்லாம் சொல்வான், நாற்காலி போய்விடும். அப்போதும் நாற்காலி! தூ. "நான் சொன்னது பொய்" என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். பல்லைக் கடித்துக்கொண்டு வீடு வரை அப்படியே உட்கார்ந்திருந்தார்.

வாசலில் எழுந்திருக்க முடியவில்லை. நாலு பேர் தூக்கி உள்ளே வைத்தார்கள். காலில் ஒரு கோளாறும் இல்லை என்றார் டாக்டர். இன்றைக்கும் உட்கார்ந்த இடத்தில்தான் இருக்கிறார்.

போன வாரம் ஜானு பார்க்கப் போனாளாம். மடி காலியாகத்தான் இருந்ததாம். பெரியம்மா கஞ்சிக் கிண்ணத்தோடு வந்து, அவர் வாயில் ஒரு ஸ்பூன் ஊட்டினாளாம். அடுத்த ஸ்பூனை, குனிந்து மடிப்பக்கம் நீட்டினாளாம்...

திருப்பி எடுத்தபோது ஸ்பூன் காலி.