கொப்புளத்தில் கோத்த நூல்

பழனியை நோக்கி நாளை பாதம் பதிக்கவிருக்கும் பாதயாத்திரைக் குழுவின் தலைவர் அவர்களே, வழிநடத்தும் மூத்தோர்களே, வேடசந்தூர் மில் தோழர்களே, பிந்தி வந்தும் முன்வரிசை பிடித்துவிட்ட தாய்மார்களே, வணக்கம். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு விடுதலை கொடுத்தவன் நான். என்னை மேடையேற்றியது என் தமிழல்ல, என் இடது கால்.

சர்க்கரையை மறைத்துக்கொண்டு நாளை வெறுங்காலோடு நடக்கவிருக்கும் யாரோ ஒருவர் இங்கே இருக்கிறார். அவருக்காகவே பேசுகிறேன்.

சென்ற ஆண்டு ஒட்டன்சத்திரம் தாண்டியதும் என் பாதத்தில் நுங்குபோல் ஒரு கொப்புளம். நம் வழக்கம் என்ன? ஊசியில் நூல் கோத்துக் குத்தி, நீர் வடிய நூலை உள்ளேயே விட்டு நடப்பது. கூட நடந்த பேச்சிமுத்து அண்ணன் அன்போடு கோத்தார். எனக்குச் சர்க்கரை என்று அவருக்குத் தெரியாது. சர்க்கரையால் மரத்த காலுக்கு வலி தெரியாது. (சிரிக்காதீர்கள் அண்ணே, மில் நூல், அறுபடவே இல்லை.)

வீடு திரும்பினேன். நடுக்கம் வந்தது. நடுக்கத்தின் பின்னே கனவு வந்தது. மலை மெல்ல நகர்ந்து என் கட்டிலருகே அமர்ந்தது. மயில் தோகையால் நெற்றியைத் தடவியது. மேகத்துக்குள் பஸ் ஓடியது. கஞ்சி கொண்டுவந்த மகள் இளவேனிலிடம் சொன்னேன்:

“கண்டக்டரம்மா, கொடைரோட்டுல எறக்கி விடுங்க.”

“வெளாடாதீங்கப்பா. நான் யாரு, சொல்லுங்க?”

“சில்லறை இல்லைங்கம்மா.”

சிரித்த பிள்ளை என் நெற்றியைத் தொட்டதும் ஆட்டோவுக்கு ஓடினாள்.

டாக்டரம்மா சொன்னார்: “புண்ணுல இருந்த கிருமி ரத்தம் வரைக்கும் போயி உடம்பையே உலுக்குது. செப்சிஸ்னு பேரு. சர்க்கரை, வயசு, ஆறாத புண்ணு இருந்தா ஆபத்து அதிகம். பிந்தி வந்தா உயிர் தப்புறதே பெருசு. தப்பினாலும் ரொம்ப நாள் தங்கணும்.”

தங்கினேன். ஜன்னலோர வேம்பு உதிர்ந்தது, தளிர்த்தது, பூத்தது. பக்கத்துக் கட்டிலுக்கு வந்தவர்களெல்லாம் வீடு போனார்கள். நான் மட்டும் மின்விசிறிபோல் அங்கேயே இருந்தேன். இன்னும் கொஞ்சம் தங்கியிருந்தால் அந்த வார்டிலேயே ஓட்டுரிமை தந்திருப்பார்கள். இரண்டு கால்விரல்களை அங்கே விட்டுவிட்டுத்தான் வந்தேன்.

கேட்கிறேன், அன்பர்களே. நோயை மறைப்பதா நோன்பு? காலைத் தொலைப்பதா காணிக்கை? சர்க்கரை உள்ளவர்கள் செருப்போடு நடங்கள். கொப்புளத்தைக் குத்தாமல் டாக்டரிடம் காட்டுங்கள். காய்ச்சலோ குளிரோ குழப்பமோ கண்டால் அப்போதே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். யாருக்குச் சர்க்கரை? கை தூக்குங்கள்.

ஒருவர்கூட இல்லையா? பேச்சிமுத்து அண்ணன் வீட்டுச் சிவனம்மாள் மதினி எழுந்திருக்கிறார். சொல்லுங்கள் மதினி.

“உங்க பேச்சிமுத்து அண்ணன் கைய மடியில அமுக்கிட்டு ஒக்காந்துருக்காரு பாருங்க கொழுந்தனாரே. மாத்திரைய எனக்கே தெரியாம துண்டுல முடிஞ்சு வச்சுருக்காரு.”

அண்ணன் கை எழுகிறது. அதன் பின்னே இன்னொரு கை. அதோ, காற்று புகுந்த சோளக்காடுபோல் கூட்டமெங்கும் கைகள்.

அண்ணே, நாளை அன்னதான வண்டியில் என் பக்கத்து இடம் உங்களுக்கு. உயர்ந்த கைகளுக்கெல்லாம் என் நன்றி. புறப்படும் கால்களெல்லாம் முழுதாய் வீடு திரும்பட்டும் என்று வாழ்த்தி, வணங்கி அமர்கிறேன்.