ஆறு வோல்ட் வண்டி

பழைய கார் கிளம்பவில்லை என்றால் எல்லோரும் முதலில் பேட்டரியைத்தான் குறை சொல்வார்கள். பேட்டரி பெரும்பாலும் நன்றாகத்தான் இருக்கும். அதிலிருந்து வண்டியின் உடம்புக்குப் போகிற எர்த் ஒயரின் முனையில் பச்சை பூத்திருக்கும். கடற்காற்று அடிக்கிற நம் ஊரில் அது சீக்கிரமே பூத்துவிடும். உப்புத்தாளால் தேய்த்து இறுக்கினால் பாதி வண்டிகள் கிளம்பிவிடும். உங்கள் ஜீப் டிரைவரிடமும் இதைச் சொல்லி வையுங்கள், மேடம்.

நான் நீலமேகம். ஊர் வரிச்சிக்குடி. மின்துறையில் ஒயர்மேனாக இருந்து ஓய்வு பெற்றவன். நீங்கள் கேட்கிற கார் என்னுடையது இல்லை, என் மனைவி திரிபுரசுந்தரியுடையது. என் மாமனார் பிரெஞ்சுப் பட்டாளத்தில் வேலை பார்த்தவர். ஊர் திரும்பும்போது கப்பலில் ஏற்றிக்கொண்டு வந்த கார். இப்போது ஓடுகிற கார்களுக்குப் பன்னிரண்டு வோல்ட், அதற்கு ஆறுதான். வோல்டேஜ் குறைவு என்பதால் ஒவ்வொரு இணைப்பும் சுத்தமாக இருக்க வேண்டும். ஒன்று லேசாகத் தளர்ந்தாலும் விளக்கு மங்கும், ஹாரன் முனகும். காரைக்காலில் மெக்கானிக்குகள் அதைத் தொட யோசிப்பார்கள். கல்யாணமான நாளிலிருந்து நான்தான் பார்த்துக்கொண்டேன். ஓட்டுவது மட்டும் அவள்.

நான் ஓய்வு பெற்ற பிறகுதான் அவள் டவுனில் பிரெஞ்சு வகுப்பு எடுக்க ஆரம்பித்தாள். பிரான்சுக்குப் போகக் காத்திருக்கும் மருமகள்களும், அங்கே இருக்கும் பேரப்பிள்ளைகளிடம் பேச ஆசைப்படும் பெரியவர்களும் வருவார்கள். வகுப்பு முடிந்து வரும்போது அவள் முகத்தில் ஒரு வெளிச்சம் இருக்கும். யாரோ தப்பாகச் சொன்ன ஒரு வார்த்தையை நினைத்துத் தனியாகச் சிரிப்பாள். நான் கேட்டால், "அது உங்களுக்குப் புரியாதுங்க" என்பாள். தப்பாக ஒன்றும் சொல்லவில்லை. எனக்குப் புரியாதுதான்.

ஒருநாள் கார் நிஜமாகவே கிளம்பவில்லை. எர்த் ஒயர்தான். அன்றைக்கு அவள் வகுப்புக்குப் போகவில்லை. அடை சுட்டாள். நான் வேலை பார்க்கப் பார்க்கப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து டார்ச் பிடித்தாள். "இது என்ன, அது என்ன" என்று கேட்டாள். அப்படி என்னிடம் அவள் கேட்டு வெகுகாலம் ஆகியிருந்தது. அது ஒரு நல்ல நாள்.

அதற்கப்புறம் எர்த் ஒயரை நம்பிக்கொண்டிருக்க முடியவில்லை.

இன்ஜின் ஓரத்தில் டிஸ்ட்ரிபியூட்டர் என்று ஒன்று இருக்கும். மூடியைக் கழற்றினால் உள்ளே ரோட்டர் என்று கட்டைவிரல் அளவில் ஒரு சின்னச் சாமான். அதுதான் சுற்றிச் சுற்றி ஒவ்வொரு ஸ்பார்க் பிளக்குக்கும் கரண்டைப் பங்கு போடும். அதை எடுத்துவிட்டு மூடியைத் திரும்ப மாட்டினால் வெளியே ஒன்றும் தெரியாது. சாவியைத் திருகினால் இன்ஜின் சுற்றும், பற்றாது. சட்டைப் பையில் போட்டுக்கொள்ளலாம், கனமே இருக்காது.

ஆட்டோவில் போயிருக்கலாமே என்பீர்கள். அவளும் சொல்வாள். "இதோ ஆயிடும், இரு" என்பேன். ஆவதற்குள் வகுப்பு நேரம் தாண்டியிருக்கும். அவளுக்கு முழங்கால் வலி, பஸ் ஏற முடியாது. நான் அவளைப் பூட்டி வைக்கவில்லை. அடித்ததில்லை, திட்டியதில்லை. பக்கத்து வீடுகளில் விசாரித்தாலே தெரியும்.

ஒருமுறை அவளே டவுனிலிருந்து இஃபாத் என்கிற மெக்கானிக்கை வரவழைத்தாள். அவன் பைக் சத்தம் தெருமுனையில் கேட்டதும் ரோட்டரை மாட்டிவிட்டேன். அவன் சாவியைத் திருகினான், ஒரே திருகில் கிளம்பியது. "நல்லாத்தானேம்மா இருக்கு, எதுக்குக் கூப்ட்டீங்க?" என்று சிரித்தான். சுந்தரி சிரிக்கவில்லை. என்னைப் பார்த்தாள். பிறகு உள்ளே போய் அவனுக்கு டீ போட்டாள். அதன் பிறகு யாரையும் கூப்பிடவில்லை. டார்ச் பிடிக்கவும் வரவில்லை.

அன்றைக்கு நடந்ததைச் சொல்கிறேன்.

வகுப்பு நாள். காலையிலேயே ரோட்டரை எடுத்துவிட்டிருந்தேன். பதினோரு மணி வாக்கில் கொல்லைப்பக்கமிருந்து வந்தாள். முகமெல்லாம் வேர்வை. "என்னங்க, நெஞ்ச அடைக்கிற மாதிரி இருக்கு. தோள்பட்ட வரைக்கும் இழுக்குது. ஆஸ்பத்திரிக்குப் போயிடுவோம்" என்றாள். நான் கைத்தாங்கலாகக் கொண்டுபோய் முன்சீட்டில் உட்கார வைத்தேன். விசிறியும் கொடுத்தேன். சாவியைத் திருகினேன். கிளம்பாது என்று தெரியும், ஆனால் கை பழக்கத்தில் திருகியது.

மாட்டியிருக்கலாமே என்பீர்கள். அந்தக் காரின் பானெட் பக்கவாட்டில் திறக்கும். முன்சீட்டிலிருந்து பார்த்தால் என் கை தெரியும். தேடாமலே சாமானைப் பையிலிருந்து எடுத்தால் அது எப்படிப் பைக்குள் வந்தது என்ற கேள்வி வரும். இத்தனை வருஷக் குடும்பத்தில் அந்தக் கேள்வியை நான் அவளுக்கு உண்டாக்க விரும்பவில்லை. அதனால் முறைப்படி ஆரம்பித்தேன்.

முதலில் எர்த். கழற்றி, தேய்த்து, மாட்டினேன். பிறகு டெஸ்ட் லாம்ப் வைத்து, தீப்பொறிக்கு வோல்டேஜ் ஏற்றித் தருகிற காயிலுக்குக் கரண்ட் வருகிறதா என்று பார்த்தேன். வந்தது. அவளுக்குக் கேட்கும்படி "இங்க சரியா இருக்கு" என்றேன். எப்போதும் அப்படிச் சொல்லிக்கொண்டே செய்வது என் வழக்கம். திரும்பத் திரும்பச் சாவி போடவில்லை. பேட்டரி இறங்கிவிட்டால் கடைசியில் கிளம்ப வேண்டிய நேரத்தில் கிளம்பாது.

அப்போதுதான் பக்கத்து வீட்டுக் கலைவாணன் வந்தான். உர மூட்டை ஏற்றும் லோடு வேன் வைத்திருக்கிறான். "அண்ணே, அண்ணிய என் வண்டில ஏத்துங்க. அஞ்சு நிமிஷத்துல கொண்டுபோயிடலாம்" என்றான்.

"வேணாம்ப்பா. ஃபால்ட்டு தெரிஞ்சிடுச்சு. இப்பக் கிளம்பிடும்" என்றேன்.

சுந்தரி அவனைப் பார்த்துக் கையைத் தூக்கினாள். "போகச் சொல்றா பாரு" என்றேன். அவன் கொஞ்ச நேரம் தயங்கி நின்றுவிட்டுப் போனான். இதை அவன் உங்களிடம் சொல்லியிருப்பான். பொய் இல்லை. என் மனைவியை உர வேனில் ஏற்றி அனுப்ப எனக்கு மனம் வரவில்லை. அவளைக் கொண்டுபோக வேண்டியவன் நான்.

காயில் பார்த்தாயிற்று. அடுத்து பிளக். நான்கையும் கழற்றித் துடைத்தேன். டிஸ்ட்ரிபியூட்டரைக் கடைசியில் வைத்துக்கொண்டேன். எப்படியும் அவள் ஒரு நிமிடம் கண்ணை மூடுவாள், அப்போது மாட்டிவிடலாம் என்று ஒரு கணக்கு.

அவள் கண்ணை மூடவில்லை. என் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு மெல்லச் சொன்னாள்.

"பையில இருக்கறத எடுத்து மாட்டுங்க. நான் ஒண்ணும் கேக்க மாட்டேன்."

வலியில் ஏதோ உளறுகிறாள் என்று நினைத்தேன். "எந்தப் பையி? பேசாம சாஞ்சு படு" என்றேன். அவள் இன்னொரு தடவை சொன்னாள். "நந்தினிகிட்டகூடச் சொல்ல மாட்டேங்க." நந்தினி எங்கள் பெண், சென்னையில் இருக்கிறாள். அந்தப் பேச்சுக்கு நடுவில் பையிலிருந்து எடுப்பது அவள் சொன்னதை ஒத்துக்கொண்டதாகிவிடும். நான் பிளக்குகளை ஒவ்வொன்றாகத் திரும்ப முடுக்கினேன். நன்றாகவே முடுக்கினேன்.

நிமிர்ந்து பார்த்தபோது விசிறி கீழே கிடந்தது. கண் திறந்துதான் இருந்தது, ஆனால் என் கையைப் பார்க்கவில்லை. ரோட்டரை மாட்டி, மூடியைப் போட்டு, சாவியைத் திருகினேன். ஒரே திருகில் கிளம்பியது. அரசு ஆஸ்பத்திரிக்கு நானே ஓட்டினேன், பள்ளங்களில் மெதுவாக. கொண்டுவருவதற்கு முன்பே உயிர் போய்விட்டது என்று டாக்டர் சொன்னார். ஒரு மணி நேரம் முன்னால் வந்திருந்தால் என்றும் சொன்னார். அவர்கள் எல்லோரிடமும் அப்படிச் சொல்வார்கள் என்று நினைக்கிறேன்.

காரியத்துக்கு வந்திருந்த நந்தினிதான் ஸ்டேஷனில் உங்களிடம் புகார் எழுதிக் கொடுத்திருக்கிறாள். அம்மா அவளிடம் போனில் சொன்னாளாம், "அப்பா ரோட்டரக் கழட்டி வச்சுக்கறார்டி, எனக்குத் தெரியும், போகட்டும் விடு" என்று. இஃபாத் வந்துபோன அன்றைக்கே சொன்னாளாம். நீங்கள் அதைப் படித்துக் காட்டிய பிறகு எனக்கு மறைக்க ஒன்றும் இல்லை. ரோட்டரை எடுத்தவன் நான். வேனைத் திருப்பி அனுப்பியவனும் நான். பையில் அதை வைத்துக்கொண்டு வேலை பார்த்தவனும் நான்தான். அப்படியே எழுதிக்கொள்ளுங்கள்.

ஆனால் ஒன்று, மேடம். இத்தனை நாளும் தெரிந்தே மனதுக்குள் வைத்துக்கொண்டு எனக்குச் சோறு போட்டிருக்கிறாள். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. காரில் உட்கார்ந்து சொன்னதை நான் சேர்க்கவில்லை, அது வலியில் பேசியது. நன்றாக இருந்தபோது ஒரு வார்த்தை வாய்விட்டுக் கேட்டிருந்தால், கொடுக்காமலா இருந்திருப்பேன்?