கடைசிக் கட்டத்தில் முப்பது சரிக்குறிகள்

தலைமை தாங்குவது எப்படி என்று ஊருக்கெல்லாம் சொல்லிக்கொடுத்து, இன்று இந்த அவைக்கும் தலைமை தாங்கி வீற்றிருக்கும் பேராசிரியை அவர்களே, நிறுவனத் தலைமை என்னும் நெடும் படிப்பை நிறைவு செய்து, கண்ணில் களைப்பும் உதட்டில் களிப்புமாய்க் கறுப்பு அங்கியில் அமர்ந்திருக்கும் பட்டதாரிப் பெண்களே, பேரப்பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு, மகள் பரீட்சை எழுதி வரும்வரை வாசலில் காத்திருந்த தாய்மார்களே, மனைவி படிக்கிறாள் என்று சமையலறைக்குள் நுழைந்து, இன்னும் வெளியே வர வழி தெரியாமல் நிற்கும் கணவன்மார்களே, என்னைவிட மூத்தவர்கள் யாரேனும் இருந்தால் அவர்களே! யாரும் கை தூக்கக் காணோம். சரி, மூத்தவன் என்ற மரியாதையை நானே எனக்குச் செய்துகொண்டு, எல்லாருக்கும் வணக்கம் சொல்கிறேன்.

நான் யார்? ஒரு பெரிய மருத்துவமனையின் அடித்தளத்தில், சலவைக்கூடத்தில், முப்பத்தொரு வருஷம் அழுக்குத் துணி பிரித்தவன். ஆறு மாடியிலும் மனிதர்கள் படுத்துக் கிடந்த விரிப்புகள் மூட்டை மூட்டையாய் என் மேசைக்குத்தான் இறங்கும். கறை பட்டது தனி, கம்பளி தனி, அறுவை அறையின் பச்சைத் துணி தனி. தலையணை உறைக்குள் என்னென்ன வரும் தெரியுமா? பல்செட்டு வரும். மூக்குக்கண்ணாடி வரும். ஒருமுறை காதல் கடிதமே வந்தது. என்ன எழுதியிருந்தது என்று கேட்கிறீர்களா, அங்கே ஓரத்தில் இருக்கும் தம்பி? எனக்குப் படிக்கத் தெரியாது. தெரிந்தவர்கள் படித்துவிட்டு என்னிடம் சொல்ல மறுத்துவிட்டார்கள்.

அந்தக் கூடத்துக்கு மேற்பார்வையாளராக வந்தவர்தான், இதோ இரண்டாம் வரிசையில் தலையைக் குனிந்துகொண்டிருக்கும் எங்கள் மேடம். அவருக்கு நாங்கள் வைத்த பெயர் சைரன். மூன்று சலவை இயந்திரம் ஒன்றாக ஓடினாலும் அவர் குரல் அதற்கு மேலே ஒலிக்கும். மேடத்தின் வீட்டுக்காரர் சிரிப்பதைப் பார்த்தால், வீட்டிலும் அதே பெயர்தான் போலிருக்கிறது.

கத்துவார். ஆனால் மடிப்பு மேசையில் நிற்கும் பெண்ணுக்கு இஸ்திரி உருளையில் கை வெந்தபோது, அவளுடைய வேலை போகக்கூடாது என்று மூன்று வாரம் அந்த உருளை முன்னால் தானே நின்றவர் யார்? அதே மேடம். இரண்டு வருஷம் சாப்பாட்டு நேரத்தில் சோப்புத்தூள் பீப்பாயின் மேல் உட்கார்ந்து, தும்மித் தும்மிப் படித்தவர் யார்? அதே மேடம். அவருக்கு ஒரு காரியம் ஆக வேண்டும் என்றால் நாங்கள் சும்மா இருப்போமா? இருந்திருக்க வேண்டும். அதுதான் இன்றைய என் பேச்சு.

படிப்பின் கடைசி வேலையாக ஓர் ஆய்வு. அவருக்குக் கீழே இருக்கும் முப்பது பேரும் ஆளுக்கொரு தாளில், பெயர் போடாமல், அவர் எப்படிப்பட்ட தலைவர் என்று குறிக்க வேண்டும். தாள்களைக் கொடுத்துவிட்டு மேடம் நாகரிகமாக மாடிக்குப் போய்விட்டார். அங்கேதான் பிசகு. கீழே நான் இருந்தேனே!

எனக்கு என்ன புரிந்தது? பரீட்சை எழுதுவது மேடம், மார்க் போடுவது நாம். அப்படியானால் அள்ளிக் கொடுக்க வேண்டாமா? ஒவ்வொரு வரிக்கும் ஐந்து கட்டம். எது உயர்ந்த கட்டம்? நோயாளிகள் கருத்துச் சொல்லும் சீட்டுகள் தலையணை உறையோடு எத்தனையோ வந்திருக்கின்றன. அதில் இடது கோடியில் அழுகிற முகம், வலது கோடியில் சிரிக்கிற முகம். ஆகவே வலது கோடிதான் உச்சம். இதற்குப் பள்ளிக்கூடம் போக வேண்டுமா என்ன? முப்பது பேரையும் கூட்டினேன். கட்டளையிட்டேன். கடைசிக் கட்டம், எல்லா வரிக்கும் கடைசிக் கட்டம்.

கை வெந்தவள் என்றேனே, அவளை மடிப்பக்கா என்போம். என்னைவிட இருபது வயது இளையவள்தான். ஆனாலும் எனக்கும் அக்கா. வாய் அப்படி. அவள் மட்டும் தாளைக் கண்ணுக்கு நேரே பிடித்தாள்.

"வாசிக்காம எப்படிண்ணே போடுறது?"

"வாசிச்சா சந்தேகம் வரும். போடு."

போட்டாள். எல்லாரும் போட்டார்கள். ஒரே பேனா முப்பது கை மாறியது. பதினைந்து நிமிஷத் தேநீர் இடைவேளையில், தேநீர் குடிக்கவும் நேரம் மிச்சம் இருந்தது.

இரண்டு வாரம் போயிற்று. ஒரு காலை மேடம் படியிறங்கி வந்தார். அன்றைக்குச் சைரன் ஊதவில்லை. இயந்திரங்களை நிறுத்தச் சொன்னார். முப்பது தாளையும் மேடமே உட்கார்ந்து நிரப்பிக்கொண்டார் என்று கல்லூரியில் சந்தேகப்படுகிறார்கள், வெள்ளிக்கிழமைக்குள் விளக்கம் சொல்லாவிட்டால் பட்டம் கிடையாது, இரண்டு வருஷமும் வீண் என்றார். கையில் ஒரு தாள் இருந்தது. அதை மடிப்பக்கா வாங்கி உரக்க வாசித்தாள்.

என் மேலாளர் என் பேச்சைக் காது கொடுத்துக் கேட்கிறார்: எப்போதும். நான் மீசையைத் தடவிக்கொண்டேன். தவறு நடந்தால் பழியை எங்கள் மேல் போடுகிறார்: எப்போதும். மீசையிலிருந்து கை இறங்கியது. எல்லார் முன்னிலையிலும் என்னைச் சிறுமைப்படுத்துகிறார்: எப்போதும். இவர் வராத நாளில்தான் எனக்கு வேலையே ஓடுகிறது: எப்போதும், எப்போதும், எப்போதும்!

நல்லதையும் கெட்டதையும் கலந்துதான் கேட்பார்களாம், யாராவது வாசிக்காமல் போடுகிறார்களா என்று பிடிக்க. சிரிக்கிறீர்களே, பேராசிரியை அம்மா, அந்தத் தாளைத் தயாரித்தவர் நீங்கள்தானே! உங்கள் வலையில் முப்பது மீன் ஒரே வரிசையில் வந்து விழுந்தது.

மறுநாள் நானும் மடிப்பக்காவும் கல்லூரிக்குப் போனோம். பேராசிரியை அறையில் மேடம் ஏற்கெனவே நின்றுகொண்டிருந்தார். இத்தனை பேரும் ஒரே மாதிரி போடச் சொன்னது யார் என்று கேள்வி. நான்தான் என்றேன். உங்கள் பதவி என்ன என்று கேள்வி. துணி பிரிக்கிறவன் என்றேன். வாசிக்கத் தெரிந்தவள் நான், வாசிக்காதே என்றவர் இவர் என்று மடிப்பக்கா காட்டிக்கொடுத்தாள். எனக்கோ உள்ளுக்குள் ஒரு பெருமை. கேட்டே விட்டேன்.

"ஒரு வார்த்தை சொன்னேன், முப்பது பேரும் மறுபேச்சில்லாம கேட்டாங்க. நீங்க சொல்லித் தர்ற தலைமை இதுதானேம்மா?"

பேராசிரியை கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"இல்லீங்க பெரியவரே. அந்த வியாதியைக் குணப்படுத்தத்தான் இந்தப் படிப்பே."

அன்றைக்கு அந்த அறையில் வாங்கிய அடியை இன்றைக்கு இந்த அவைக்கு முன்னால் நானே எடுத்துக் காட்டுகிறேன்.

ஒரு வாரம் கொடுத்தார்கள். கல்லூரியிலிருந்து ஒரு மாணவி வந்தாள். சோப்புத்தூள் அறையில் கதவைச் சாத்திக்கொண்டு, ஒவ்வொருவராகக் கூப்பிட்டு, வரி வரியாக வாசித்தாள். யாரும் யாருக்கும் சொல்லிக்கொடுக்கவில்லை. என் வாயைக் கட்டிப்போடுவதற்கென்றே மடிப்பக்கா என் பக்கத்தில் நின்றாள்.

என் முறை வந்தது. கத்துகிறாரா? பல சமயம் என்றேன். பழி போடுகிறாரா? ஒருபோதும் இல்லை என்றேன். அப்புறம் ஒரு கேள்வி வந்தது: முடிவெடுக்கும் முன் என் கருத்தைக் கேட்கிறார். நான் உத்தரத்தைப் பார்த்தேன், பீப்பாயைப் பார்த்தேன், மாணவியைப் பார்த்தேன். எங்கள் மேடத்தின் பட்டம் என் நாக்கு நுனியில் நின்றது. ஒருபோதும் இல்லை என்றேன்.

முப்பதில் இருபத்தெட்டு பேர் அந்தக் கேள்விக்கு அதையேதான் சொல்லியிருந்தார்கள்.

மேடம் அதை மறைத்தாரா? மாற்றினாரா? மழுப்பினாரா? இல்லை. அதையே ஆய்வின் முதல் பக்கத்தில் எழுதினார். எழுதிவிட்டு நேரே என் மேசைக்கு வந்தார். அறுவை அறைக்குப் பச்சைத் துணி தினமும் காலையில் தாமதமாகப் போகும். கழுவிய கையிரண்டையும் தூக்கிப் பிடித்தபடி, சரணடைந்தவர் மாதிரி நிற்பாராம் மருத்துவர். அந்தத் திட்டு முழுவதும் மேடத்தின் தலையில்தான் விழும்.

"பெரியவரே, இதுக்கு என்ன செய்யலாம்? நீங்க சொல்லுங்க."

முப்பத்தொரு வருஷத்தில் என்னை யாரும் கேட்காத கேள்வி, ஐயா! கேட்டதும் எனக்கு என்ன வந்தது தெரியுமா? ஒன்றும் வரவில்லை. வாய் நிறையப் பேசுகிற எனக்கு வார்த்தை வரவில்லை. யோசித்துச் சொல்ல ஒரு நாள் வேண்டும் என்றேன். சரி என்றார். கத்தவில்லை, அவசரப்படுத்தவில்லை, வேறு ஆளைக் கேட்கவும் இல்லை.

மறுநாள் சொன்னேன். காலையில் முதலில் கம்பளியைப் போடச் சொல்கிறார்கள். அது காய்வதற்குள் இஸ்திரி உருளை வெறுமனே கொதித்துக் கிடக்கிறது. பச்சைத் துணியை முதலில் போடுங்கள். உருளை சூடாகும் நேரத்தில் துணியும் தயாராகிவிடும். போட்டார்கள். மருத்துவர் கையை இறக்கினார். இது முன்பே தெரியுமா என்று மேடம் கேட்டார். முதல் வருஷத்திலிருந்தே தெரியும் என்றேன்.

அந்த ஆய்வுக்குப் பட்டம் கிடைத்தது. அந்தப் பட்டம்தான் இன்றைக்கு அந்த இரண்டாம் வரிசையில் இருக்கிறது.

பட்டதாரிப் பெண்களே! நாளைக்கு உங்களுக்குக் கீழே முப்பது பேர் இருப்பார்கள், முந்நூறு பேர் இருப்பார்கள். அவர்கள் மேசைகளில் விடை இருக்கும். ஆண்டுக்கணக்கில் அடுக்கடுக்காய் மடித்து வைத்த விடை இருக்கும். படித்து வந்த நீங்கள் போய்க் கேளுங்கள். பணிந்து இல்லை, பாசாங்காய் இல்லை, நிஜமாகக் கேளுங்கள். கேட்டவுடன் பதில் வராது. அவர்களுக்குப் பழக்கம் இல்லை. அப்போது பொறுங்கள். ஒரே ஒரு நாள் பொறுங்கள். அந்த ஒரு நாள் பொறுக்கத் தெரிந்தவள் எவளோ, அவளே தலைவி!

இத்தனை நேரம் என்னைப் பேச விட்ட அவைக்கும், இறங்கச் சொல்லி ஒருமுறைகூட மணியடிக்காத பேராசிரியை அவர்களுக்கும், நிமிர்ந்து உட்காரும் எங்கள் மேடத்துக்கும் என் நன்றி. போய் வாருங்கள், பெண்களே, வேலை காத்திருக்கிறது. வணக்கம்.