மீன் தொட்டியில் இருந்த கல்யாண மகால்

தென்னாற்காடு ஜில்லா, செஞ்சி போலீஸ் ஸ்டேஷன். 1966-ஆம் வருடம் மார்ச் மாதம் 14-ஆம் தேதி, திங்கட்கிழமை, பிற்பகல் மூன்று மணி. கோட்டைக்குச் சொந்தமான பழைய கற்சிற்பத்தைத் திருடியதாக வந்த புகாரின்பேரில் விசாரிக்கப்பட்டவர் சொன்னது, சொன்னபடி எழுதப்பட்டது.

என் பெயர் செந்தாமரை. வயது முப்பத்தாறு. கணவர் பெயர் பாவாடை, கொத்தனார். செஞ்சி டவுனில் சிங்கவரம் போகும் சாலையில் கூரை வீட்டில் குடியிருக்கிறோம். தொழில் என்ற இடத்தில், நான் வாய் திறப்பதற்கு முன்பே ஏட்டு ஐயா சித்தாள் என்று எழுதிவிட்டார். அதை அடிக்கச் சொன்னேன். பதினோரு வருடம் என் கணவரோடு கலவை சுமந்தது உண்மை, ஆனால் அந்த வேலையை விட்டு இரண்டு வருடமாகிறது. மீன் தொட்டி அமைப்பது என்று எழுதுங்கள் என்றேன். அப்படி ஒரு தொழில் கிடையாது என்றார். தொழிலே இல்லையென்றால் என்னை எதற்காகக் கூப்பிட்டு உட்கார வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டேன். அதன் பிறகு அடித்துவிட்டு எழுதிக்கொண்டார்.

கடைவீதியில் பேன்ஸி சாமான் கடை வைத்திருக்கும் சிங்காரவேலு இரண்டு வருடத்துக்கு முன் மதராசிலிருந்து வண்ண மீன்கள் வாங்கி வந்து வியாபாரம் தொடங்கினார். அந்தக் கடைக்குத் தளம் போடப் போனபோதுதான் அந்த மீன்களை முதலில் பார்த்தேன். இரும்புச் சட்டத்தில் கண்ணாடி பதித்த ஐந்தடித் தொட்டி, அடியில் ஆற்று மணல், நடுவில் ஒரு பிளாஸ்டிக் பூ, அவ்வளவுதான். தெருவில் போகிறவர்கள் யாரும் நின்று பார்க்கவில்லை. மீன் பின்னால் அடுக்கியிருந்த கடைச் சாமான்களோடு சேர்ந்து தெரிந்தது. நான் கலவைச் சட்டியை இறக்கி வைத்துவிட்டு, பின்பக்கக் கண்ணாடிக்கு வெளியே கருநீலம் பூசுங்கள், பல்பை முன்பக்கம் மேலே மாட்டுங்கள், நடுவில் எதையும் வைக்காதீர்கள் என்று சொன்னேன். அவர் சிரித்தார். அதன் பிறகு அவர் சாப்பிடப் போன நேரத்தில் நானே பூசிவிட்டேன். அன்று சாயங்காலம் கடை வாசலில் வழி விடாமல் கூட்டம் நின்றது. மறுநாள் அவரே ஆள் அனுப்பி என்னைக் கூப்பிட்டார்.

அதிலிருந்து அந்தக் கடையில் இருக்கும் ஒன்பது தொட்டிகளையும் அமைத்தவள் நான்தான். மீன் திரும்பும்போதுதான் அதன் நிறம் தெரியும், ஆகையால் அது திரும்புவதற்கென்று ஒரு பக்கம் காலியாக விட வேண்டும். பெரிய சாமானை ஓரமாக வைக்க வேண்டும். செடியை உயரவாரியாக வைக்காமல் கலைத்து வைக்க வேண்டும். இதையெல்லாம் எனக்கு எவரும் சொல்லித் தரவில்லை. பார்த்துக்கொண்டே இருந்தால் தெரிந்துவிடும்.

இந்த வருடப் பொங்கலுக்கு முன் சிங்காரவேலு, பெரிய தொட்டிக்கு ஊரே பேசும்படி ஏதாவது செய் என்றார். கோட்டைக்குள் இருக்கும் கல்யாண மகாலைச் செய்கிறேன் என்று சொன்னேன். சிமெண்டு மூட்டை வாங்கித் தந்தவரும் அவர்தான். கனம் ஏறினால் கண்ணாடி தாங்காது என்பதால், உள்ளே அடியில் ஒரு பிஸ்கெட் டின்னும் அதன்மேல் ஒரு பால்மாவு டப்பாவும் வைத்து, நசுங்காமல் இருக்க அவற்றில் பழைய பேப்பரைத் திணித்து, மூடிகளை மெழுகால் அடைத்து, சுற்றிலும் சைக்கிள் கம்பியும் கோழி வலையும் கட்டி, அதன்மேல் சிமெண்டு பூசி, ஈரம் காய்வதற்குள் தேங்காய்ச் சிரட்டைத் துண்டாலும் கொண்டை ஊசியாலும் தூணும் வளைவும் இழைத்தேன். மீன் ஒரு வளைவில் நுழைந்து டப்பாவைச் சுற்றி மறு வளைவில் வெளியே வரும்படி நடை விட்டேன். காற்றுக் குழாய் நுழைய பின்னால் ஒரு துளையும் விட்டேன். தண்ணீர் உயரம் போதாததால் ஐந்து அடுக்கோடு நிறுத்திக்கொண்டேன். நிஜ மகாலில் அதைவிட அதிகம். அங்கே தினமும் காவல் நிற்கிறவர் எண்ணிப் பார்த்ததில்லை என்பது பிற்பாடு தெரிந்தது.

புது சிமெண்டை அப்படியே தொட்டியில் இறக்கினால் அதிலிருந்து காரம் இறங்கி மீன் செத்துவிடும். ஆகையால் ஒரு மண்டலம், அதாவது நாற்பத்தெட்டு நாள், தண்ணீரில் ஊறப் போடுவது என் வழக்கம். எங்கள் வளவுக் கிணற்றில் போட்டால் பெண்கள் என்னைத் தொலைத்துவிடுவார்கள். எனவே ஜனவரி 17-ஆம் தேதி கோட்டை அடிவாரத்துச் செட்டிகுளத்தில், கடைசிப் படிக்குக் கீழே இறக்கி வைத்தேன். எப்போதும் அங்கேதான் ஊறப் போடுவேன். இதற்கு முன் மூன்று பாறைகளும் ஒரு வளைவும் அதே படியில்தான் ஊறின. அப்போதெல்லாம் ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை.

மார்ச் 6-ஆம் தேதி, ஞாயிற்றுக்கிழமை, காலை ஏழு மணிக்கு அதை வெளியே எடுத்தேன். பாசி பிடித்து, மூலைகள் கறுத்து, நான் நினைத்ததைவிட அழகாக இருந்தது. இடுப்பில் வைத்துக்கொண்டு படியேறும்போது கோட்டை வாட்ச்மேன் பொன்னுசாமி எதிரே வந்து, "இன்னாம்மா அது இடுப்புல?" என்று கேட்டார். என் வாய் சும்மா இருக்காது. "உங்க கல்யாண மகாலுதான், தூக்கினு போறேன். போயி எண்ணிப் பாரு, இருக்குதா இல்லியான்னு" என்று சொன்னேன். அவரும் சிரித்தார். அந்தப் பேச்சைத்தான் புகாரில் குற்றத்தை ஒப்புக்கொண்டதாக எழுதியிருக்கிறார்கள். நான் சொன்னது நிஜம். அது கேலி என்பதும் நிஜம். இரண்டையும் எழுதிக்கொள்ளுங்கள்.

அதன் பிறகு அயிரைக் குஞ்சுகளோடு ஒரு நாள் அண்டாவில் வைத்துப் பார்த்து, எதுவும் சாகாததால், மறுநாள் கடைத் தொட்டியில் இடப்பக்க ஓரமாக வைத்து, வேலம்பாசி நட்டு, ஆறு ஏஞ்சல் மீன்களையும் கறுப்பு மீன்களையும் விட்டேன். பல்பைப் போட்டதும் ஒரு ஏஞ்சல் நேராக மூன்றாவது அடுக்கில் நுழைந்து ஐந்தாவது அடுக்கில் எட்டிப் பார்த்தது. அப்போது எனக்கு வந்த சந்தோஷத்தை இங்கே எழுத இடம் இல்லை என்று ஏட்டு ஐயா சொல்கிறார். இருக்கட்டும், வந்தது என்று மட்டும் எழுதுங்கள்.

8-ஆம் தேதி கடைக்குப் போனபோது வாசலில், 'கோட்டைக் குளத்தில் கிடைத்த ராஜா காலத்து மாளிகையில் வண்ண மீன்கள்' என்று போர்டு இருந்தது. இது என்ன பித்தலாட்டம் என்று சிங்காரவேலுவைக் கேட்டேன். "ஜனங்க இதுக்குத்தான் வராங்க. நீ செஞ்சதுன்னு எழுதினா எவன் வருவான்?" என்றார். அன்றைக்கே அந்தப் போர்டைப் பிடுங்கி அடுப்பில் வைத்திருக்க வேண்டும். அனந்தபுரத்திலிருந்துகூட பஸ் பிடித்து வந்து பார்க்கிறார்களே என்ற மயக்கத்தில் விட்டுவிட்டேன். இந்த விஷயத்தில் என்மேல் தப்பு உண்டு என்றால் அது ஒன்றுதான்.

12-ஆம் தேதி சனிக்கிழமை பகலில் பொன்னுசாமியும், பழைய கல்வெட்டுகளைப் பற்றி எழுதும் ஆதிநாராயணன் என்ற பெரியவரும் கடைக்கு வந்தார்கள். நானும் அங்கே இருந்தேன். ஆதிநாராயணன் தொட்டியை வெகு நேரம் பார்த்துவிட்டு, இது மகாலைக் கட்டுவதற்கு முன் ராஜாவின் சிற்பி செய்து காட்டிய மாதிரி, முந்நூறு வருடத்துக்குக் குறையாது என்று சொன்னார். நான் செய்தது என்றேன். என்னை மேலும் கீழும் பார்த்து, கல் திருடி பேசுகிறாள் என்றார். ஐந்து அடுக்குதானே இருக்கிறது என்றேன். முதலில் ஐந்துதான் திட்டமிட்டிருப்பார்கள் என்றார். பின்னால் ரப்பர் குழாய்க்குத் துளை இருக்கிறதே, எந்த ராஜா ரப்பர் குழாய் போட்டான் என்று கேட்டேன். மகாலுக்கே தண்ணீர்க் குழாய் உண்டு, அதை அப்படியே காட்டியிருக்கிறான், கெட்டிக்காரச் சிற்பி என்றார். நான் எதைக் காட்டினாலும் அவருக்கு அது அந்தச் சிற்பியின் கெட்டிக்காரத்தனமாகத் தெரிந்தது. என்னைக் கல் திருடி என்று சொன்ன அதே வாயால் அவர் என் வேலையைப் புகழ்ந்தார். எனக்குக் கோபம் வந்தது. ஆனாலும் இன்னும் கொஞ்சம் சொல்ல மாட்டாரா என்றும் இருந்தது.

அப்போது சிங்காரவேலு, அது எங்கிருந்து வந்தது என்று தனக்குத் தெரியாது, செந்தாமரை கொண்டு வந்து கொடுத்தாள், வாங்கி வைத்தேன் என்று சொன்னார். சிமெண்டு வாங்கித் தந்த மனிதர் என் முகத்தைப் பார்த்துக்கொண்டே அதைச் சொன்னார். அதன் பிறகு பொன்னுசாமி சட்டைக் கையை மடித்துவிட்டு, நான் வேண்டாம் வேண்டாம் என்று சொல்லச் சொல்லத் தொட்டிக்குள் கையை விட்டு அதை இழுத்து எடுத்தார். வளைவுக்குள் இருந்த இரண்டு ஏஞ்சல் மீன்கள் தரையில் விழுந்து செத்துப்போயின. அன்றே அவரும் ஆதிநாராயணனும் மகாலைத் தூக்கி வந்து இங்கே கொடுத்த திருட்டுப் புகாரில் அது இல்லை. இதில் எழுத வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இன்று காலை பத்து மணிக்கு நானும் என் கணவரும் இங்கே வந்தோம். மகால் சப் இன்ஸ்பெக்டர் ஐயாவின் மேஜைமேல் இருந்தது. சிங்காரவேலு, பொன்னுசாமி, ஆதிநாராயணன் மூவரும் இருந்தார்கள். இதைச் செய்தவள் என் மனைவிதான் என்று என் கணவர் சொன்னதற்கு, கொத்தனார் நீங்களா அவரா என்று ஆதிநாராயணன் கேட்டார். "நான் செவுருதான் எழுப்புவேன். இந்த வேலை எனக்கு ஏழு ஜென்மத்துக்கும் வராது சார்" என்று என் கணவர் சொன்னார்.

அதன் பிறகு சிங்காரவேலு என்னை வராந்தாவுக்குக் கூப்பிட்டு, துணி துவைக்கப் போன இடத்தில் குளத்தில் கிடைத்தது, விவரம் தெரியாமல் எடுத்தேன் என்று சொல்லிவிடு என்றார். "கண்டெடுத்தவளுக்குத் தண்டனை இல்லம்மா. உன் மகாலை மதராசுல கண்ணாடி அலமாரியில வெப்பாங்க. சிமெண்டுன்னு சொன்னா ஒடைச்சித்தான் பாப்பாங்க. என் கடை பேரும் நாறிப்புடும்" என்று சொன்னார். ஒரு நிமிடம் எனக்கு ஆசை வந்தது, பொய் சொல்லவில்லை. உடையாமல் இருக்கும். நூறு வருடம் கழித்தும் யாராவது நின்று பார்ப்பார்கள். கீழே சீட்டில் பெயர் தெரியாத சிற்பி என்று எழுதியிருப்பார்கள். அந்தச் சீட்டில் என் பெயர் இருக்காது. "கண்ணாடிக்குள்ள வெக்கத்தான் முதலாளி செஞ்சேன். தண்ணியோட, மீனோட. செத்த ராஜாவுக்காக செய்யல" என்று சொல்லிவிட்டு உள்ளே வந்தேன்.

இது சிமெண்டு, உடைத்துப் பாருங்கள் என்று சொன்னேன். ஏட்டு ஐயா சுத்தியலை எடுத்தார். என் வேலைமேல் வேறு ஒருத்தர் கை படக் கூடாது என்று சொல்லி, அதை வாங்கிக்கொண்டேன். ஆதிநாராயணன் நாற்காலியை விட்டு எழுந்து, "ஐயோ, வேணாம்மா, பாவம்மா" என்று கத்தினார். உடைப்பதற்கு முன், ஊசியால் இழைத்த அந்த மூன்றாவது அடுக்கு வளைவை ஒரு தடவை தடவிப் பார்த்தேன். அதன் பிறகு அடித்தேன். நான்கு அடியில் மேல் அடுக்குகள் போயின. ஆறாவது அடியில் பால்மாவு டப்பா வெளியே வந்தது. கூடவே என் கணவர் பொங்கலன்று முழுக்கத் தேடிக்கொண்டிருந்த சைக்கிள் கம்பிகளும் வந்தன. நான் அழுதேன். பயந்து அழவில்லை. ஒரு வாரம் ராப்பகலாக இழைத்து, ஒரு மண்டலம் ஊறப் போட்டதை ஒன்றரை நிமிடத்தில் நானே உடைக்கும்படி ஆனதே என்று அழுதேன்.

டப்பாவைத் திறந்து உள்ளே இருந்த பேப்பரை சப் இன்ஸ்பெக்டர் ஐயா எடுத்து ஆதிநாராயணனிடம் கொடுத்தார். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு, 1966 ஜனவரி 9 என்று வாய்விட்டுப் படித்தார். பொங்கல் ஜவுளி விளம்பரம் இருந்த பக்கம். பொன்னுசாமி, "அப்போ இது கல்லே இல்லியா?" என்று கேட்டார். அதன் பிறகு ஆதிநாராயணன் தரையில் குனிந்து, உடையாமல் கிடந்த ஒரு வளைவை எடுத்து, வெகு நேரம் கையில் வைத்திருந்துவிட்டு என்னிடம் கொடுத்தார். வாங்கி மடியில் கட்டிக்கொண்டேன்.

சிங்காரவேலு மட்டும் என் பக்கத்தில் வந்து, அடுத்த வாரத்துக்குள் இதேபோல் இன்னொன்று செய்து தர முடியுமா என்று கேட்டார். ஒரு வாரத்தில் முடியாது, ஊறவே ஒரு மண்டலம் வேண்டும், செட்டிகுளத்தில் அதே படியில்தான் ஊறும், யார் வேண்டுமானாலும் வந்து எண்ணிக்கொள்ளட்டும் என்று சொன்னேன். இனி நான் செய்வதில் முன்பக்கத்து முதல் அடுக்கிலேயே, மீன் திரும்பும் பக்கமாக, என் பெயரை எழுதித்தான் இறக்குவேன், அதற்குச் சம்மதம் என்றால் சிமெண்டு வாங்கட்டும், இல்லையென்றால் பிளாஸ்டிக் பூ வைத்துக்கொள்ளட்டும் என்றும் சொன்னேன்.

உடைந்த துண்டுகளையும் டப்பாவையும் கம்பிகளையும் என்னிடம் திருப்பித் தர வேண்டும். அவை கோட்டைக்குச் சொந்தமில்லை, கடைக்கும் சொந்தமில்லை.

இதை ஏட்டு ஐயா எனக்கு வாசித்துக் காட்டினார். வாசித்தது அத்தனையும் நான் சொன்னதுதான், சொன்னது அத்தனையும் நடந்ததுதான். முடிவில் அவர் மை டப்பாவைத் திறந்து என் கட்டை விரலைக் கேட்டார். பேனாவைக் கேட்டு வாங்கிக் கையெழுத்துப் போடுகிறேன்.

(ஒப்பம்) பா. செந்தாமரை
மீன் தொட்டி அமைப்பவர், செஞ்சி